எல்லாருக்கும் மேலே

வெற்றிசெல்வன் சிங்கப்பூர் போய் வந்த பிறகுதான் அந்த வார்த்தை குடும்பத்துக்குள் நுழைந்தது. ஹைலைட். அவன் பெண்டாட்டி நித்யா கட்டின சேலையில் பார்டர் ஹைலைட். மாட்டுப் பொங்கலுக்கு நித்யா வைத்த கறிக்குழம்பு ஹைலைட். யாராவது அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தாலே பிரகதீஸ்வரிக்கு வயிறு எரியும். அவள் மூத்த மருமகள். பதினோரு வருஷமாக வடித்துக் கொட்டுகிறாள். அவள் வைத்த குழம்பு மட்டும் வெறும் குழம்பாகவே இருந்துவிட்டது.

நாத்தனார் பொன்னுத்தாயின் மகள் இதழினிக்குக் காதுகுத்து வந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இரண்டு மாமன் இருந்தால் மூத்தவன் மடி. மூத்தவன் சிவசாமி, பிரகதீஸ்வரியின் புருஷன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தன் புருஷன் மடியில் ஒரு குழந்தை உட்கார்ந்து ஊரே பார்க்கும் நாள் ஒன்று வாய்க்கும் என்றால், அவளுக்கு அது ஒன்றுதான். அதையும் சின்னவன் வெற்றிசெல்வன் தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று அவளுக்குத் தூக்கமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோயில் வாசலில் கட்டப்போகும் பிளக்ஸின் மாதிரியை நித்யா வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அன்னவாசல் கடையில் ஆர்டர் கொடுத்ததும் அவள்தான். இரண்டு மாமன்களும் கீழே ஒரே அளவில் இருந்தார்கள். அளவு ஒன்றுதான், ஆனால் கோட்டும் கூலிங் கிளாஸுமாக நின்ற வெற்றிசெல்வனுக்குப் பக்கத்தில் சிவசாமி வாக்காளர் அட்டையில் இருப்பதுபோல் இருந்தான். பிரகதீஸ்வரி மாதிரியை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே குளத்தூரிலிருந்து பஸ் ஏறி அன்னவாசல் கடைக்குப் போய்விட்டாள். டிசைன் போடும் சந்திரசேகரிடம், "நித்யாதான் சொல்லிவிட்டுச்சு. எங்க வீட்டுக்காரரை ஹைலைட் பண்ணணும்" என்றாள். அந்த வார்த்தையை அவள் முதல்முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்னபோது நாக்குக்கு இதமாகவே இருந்தது.

"எப்படிக்கா பண்ணணும்?"

"எல்லாருக்கும் மேல வைங்க. மேல மாமனார், மாமியார் படம் ரெண்டும் இருக்குல்ல, அவுக நடுவுல. நல்லா பெரிசா. தலையச் சுத்தி வெளிச்சம் வேணும்."

அவன் மௌஸை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். "அவங்க நடுவுலயாக்கா?"

"ஆமாங்க. மூத்த புள்ள அங்கதான இருக்கணும்?"

தன் போனிலிருந்து கல்யாணப் படத்தை அனுப்பினாள். சிவசாமி வாய்விட்டுச் சிரித்த ஒரே படம் அது. "பக்கத்துல நீங்க இருக்கீங்களேக்கா" என்றான் சந்திரசேகர். "என்னைய வெட்டிருங்க" என்றாள். அவன் குரலே இறங்கிவிட்டது. பூப் போடட்டுமா என்று மெல்லக் கேட்டான். தாராளமாகப் போடச் சொன்னாள். எழுந்து நின்று அவளை வழியனுப்பினான். ஹைலைட் என்றால் மரியாதை தன்னால் வருகிறது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள், மகராசி.

காதுகுத்தன்று காலையில் கோயில் வாசலில் பொன்னுத்தாயின் மாமியார் ராக்காயி வேனைவிட்டு இறங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். அடுத்த நொடி மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! சிவசாமி போயிட்டானா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

சீர்த்தட்டைத் தலையில் வைத்தபடி சிவசாமி அவளுக்குப் பின்னாலேயே நின்றான். "அத்தை, நான் இங்கிட்டுதான் நிக்கிறேன்."

பிரகதீஸ்வரி அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். செத்துப்போன மாமனார் ஒரு பக்கம், செத்துப்போன மாமியார் ஒரு பக்கம், நடுவில் மேகத்துக்குள் பூவும் ஒளிவட்டமுமாகச் சிரித்துக்கொண்டு அவள் புருஷன். பிளக்ஸில் மேல் வரிசை யாருக்கு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொறாமை அவள் கண்ணை அவித்திருந்தது.

"யாரு ஆர்டர் குடுத்தது?" என்று கேட்டாள் ராக்காயி. எல்லாருடைய பார்வையும் நித்யாமேல் போனது. "நான் இப்படிச் சொல்லலீங்க" என்று நித்யா அழத் தொடங்கினாள். கடைக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, நித்யா பேரைச் சொல்லித்தான் மாற்றச் சொன்னார்கள் என்று பதில் வந்தது. பிரகதீஸ்வரியும் கூட்டத்தோடு சேர்ந்து நித்யாவையே பார்த்தாள். நித்யா கூட்டத்தின் நடுவில் கூனிக் குறுகி நின்றது அவளுக்கு உள்ளூர இனிக்கவும் செய்தது.

அந்த இனிப்பு கொஞ்ச நேரம்தான்.

"செத்தவுக வரிசையில ஏத்துன ஆளு மடியில எம் பேத்திய வைக்கக் கூடாது. சின்னவன் உக்காரட்டும்" என்று ராக்காயி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"அண்ணன் இருக்கையில நான் உக்கார மாட்டேன்" என்றான் வெற்றிசெல்வன். சிவசாமிதான் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான். "நல்ல நேரம் போவுது, உக்காருடா." பிள்ளையைத் தூக்கித் தம்பி மடியில் வைத்ததும் அவனேதான். அப்புறம் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தபடி நின்றான். 

ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார். சிவசாமி அவளிடம் வந்து பிளக்ஸைக் காட்டினான். படத்தில் அவன் தோளுக்குப் பக்கத்தில், வெட்டியது போக மிச்சமாய், அரக்குப் பட்டுச் சேலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் போட்டோ ஒன் போன்ல மட்டுந்தான் இருக்கு" என்றான். "நித்யாட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அவள் போனாள். அத்தனை பேர் முன்னால், "நாந்தான் போடச் சொன்னேன். ஒம் பேரச் சொல்லிப் பொய்யும் சொன்னேன்" என்றாள். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "விடுங்கக்கா. ஒங்க ஆசைக்குப் பண்ணிட்டீங்க. வாங்க, பந்தியில எலை போட்டாச்சு."

திரும்பும்போது வேனில் முன் சீட்டிலிருந்து ராக்காயியின் குரல் கேட்டது. "வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் குடுமியப் புடிச்சிருப்பா. இன்னிக்கு விசேஷத்துல ஹைலைட்டே நித்யாவோட பொறுமதான்."

சிவசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரகதீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டு இன்னும் ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்திருந்தது.