ஒரு வரி வசனம்

போர்ப் படம் வெளியான ஐந்தாம் நாள், பிற்பகல் காட்சிக்கு அரங்கில் இருபது பேர்கூட இல்லை. நடுவரிசையில் தன் ஏழு வயது மகளோடு அமர்ந்திருந்தாள் ஒரு தையற்காரி. அவளுடைய கணவர் துணை நடிகர். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் காய்ச்சலில் மறைந்தார். வரைகலை வேலைகள் இழுத்தடித்ததில் படம் வெளிவர மூன்றாண்டுகள் ஆயின. அதற்குள் மகள் தந்தையின் குரலை மறந்துவிட்டாள். தம் கீச்சுக்குரலுக்கு வெட்கப்பட்டு, அதைக் கைப்பேசியில் பதிய அவர் ஒருநாளும் இசைந்ததில்லை. ஆனால் இந்தப் படத்தில் முதன்முதலாக அவருக்கு ஒரு வரி வசனம் கிடைத்திருந்தது. மகளுக்கு அந்தக் குரலைக் கேட்கக் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே வந்திருந்தாள்.

கணவரின் கூட்டாளியான இன்னொரு துணை நடிகரும் உடன் வந்திருந்தார்.

"தங்கச்சி, அந்தச் சிவப்புத் தலைப்பாகைக் கூட்டத்தைப் பாரு. காலையில உன் வீட்டுக்காரன் அந்தப் படை. மத்தியானம் தலைப்பாகையை மாத்திக் கட்டிக்கிட்டு எதிரிப் படை. ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் செத்தவன் அவன் ஒருத்தன்தான்!"

"சும்மா இருங்கண்ணே," என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

திரையில் யானைகள் கால் தரையில் படாமல் பஞ்சுப்பொதிகளாய் மிதந்தன. மன்னர் மூன்றாம் முறையாகச் சூளுரைத்தபோது பின்வரிசையில் ஒருவர், "ஐயா, சண்டையை ஆரம்பிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, திரையில் புகையை விலக்கிக்கொண்டு அவள் கணவர் ஓடிவந்தார். அதே ஒட்டிய கன்னம், அதே கோணல் முன்பல். மண்டியிட்டு வாய் திறந்தார்.

"கோட்டை விழுந்தது, அரசே!"

முயலின் வாய்க்குள்ளிருந்து சிங்கம் பேசியது. வேறு யாரோ குரல் கொடுத்திருந்தார்கள்.

"டப்பிங்ல ஆளை மாத்திட்டானுங்க தங்கச்சி. சத்தியமா எனக்குத் தெரியாது," என்று கூட்டாளி தலைகுனிந்தார்.

மகளோ இருக்கையின் மேல் ஏறி நின்றுவிட்டாள். "அம்மா! அப்பா குரல் எவ்ளோ கம்பீரமா இருக்கு! நீ ஏன் சொல்லவே இல்ல?"

வெளியே வந்ததும் தாய் அவளை நடைபாதையில் நிறுத்தி, "அது அப்பா குரல் இல்லடா கண்ணு. அவரு எப்படிச் சொல்லுவாருன்னா..." என்று தொடங்கினாள். தொண்டையை ஒடுக்கிக்கொண்டு, கணவரின் குரலைக் காதுக்குள் தேடினாள். கனத்த அந்த அந்நியக் குரலே திரும்பத் திரும்ப ஒலித்தது.

"எப்படிம்மா சொல்லுவாரு?"

"கொஞ்சம் இரு," என்றாள்.