வெள்ளோட்டம்

என் மாமனார் பஸ் டிப்போவில் கால அட்டவணை போட்டே ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எங்கே இறங்கி மாற வேண்டும் என்று ஆயுசு முழுக்கக் கட்டம் கட்டமாகப் போட்ட கை. வீட்டில் குளிப்பதற்குக்கூட முறை வைத்திருந்தார். அத்தை மட்டும் அதை ஒரு நாளும் மதித்ததில்லை.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அத்தைக்குத் தமிழ் அடியோடு போயிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட தமிழ்தான். ஆனால் அதிலேயே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு வாயடைக்க வைப்பாள். இப்போது மிஞ்சியது பிறந்த வீட்டு பாஷை. எங்களில் ஒருவருக்கும் அதில் ஒரு சொல் தெரியாது. முன்பெல்லாம் அவள் தங்கையோடு போனில் பேச ஆரம்பித்தாலே, "ரேடியோ வச்சாச்சா?" என்று எழுந்து போய்விடுவார் மாமா.

"ஆளுங்களையும் சில சமயம் அடையாளம் தெரியாது. இந்த பாஷையும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது. இருக்கும்போதே பேசிடுங்க" என்றார் டாக்டர்.

மாமா அன்றே, அந்த பாஷையைக் கற்க அட்டவணை போட, ஸ்கேலும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். காலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு புதுப் பாடம். மதியம் எழுத்துப் பயிற்சி. சாயங்காலம் நடந்துகொண்டே மனப்பாடம். ஏதாவது தவறிப்போனால் ஈடுகட்ட, டிப்போவில் ஸ்பேர் வண்டி நிறுத்துவது போல, ஒரு காலி நேரம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியதைப் பார்த்து, "பரீட்சை எப்போ மாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அத்தைக்குத் தலை தெளிவாக இருப்பது காலையில் மட்டும்தான். மதியத்துக்கு மேல் மயங்கியே கிடப்பாள். மாமாவுக்கும் பாடம் ஏறுவது காலையில்தானாம். அதனால் அவள் கண் விழித்துக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய பாஷையைப் படித்தார். சாயங்காலம் அவள் தூங்கும்போது பக்கத்தில் வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"படிச்ச வரைக்கும் அத்தைகிட்ட பேசிப் பாருங்களேன். தப்பா இருந்தா என்ன குடியா முழுகிடும்?"

"தமிழ்ல பேசினப்போ பயந்து போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டா, பார்த்தேல்ல? அரைகுறையா உளறி இன்னொரு தடவை பயமுறுத்தவா? வெள்ளோட்டம் முடியாத ரூட்ல ஆள் ஏத்தக் கூடாதும்மா."

பிடித்தால் பிடித்ததுதான். நானும் கஞ்சி ஊட்டுவதையும் துணி மாற்றுவதையும் சைகையிலேயே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். என்னை மட்டும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன்.

அத்தையின் தங்கை வந்தது நாலைந்து மாதம் கழித்து, ஒரு காலை வேளையில். அவளைக் கண்டதும் அத்தை மடை திறந்த மாதிரி பேசினாள். இத்தனை பேச்சா உள்ளே இருந்தது! சத்தம் கேட்டு மாமா ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"என்ன சித்தி சொல்றாங்க?" என்றேன்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் நல்லா பார்த்துக்கறீங்களாம். அத்தான் சாப்பிட்டாரான்னு கேக்கறா."

"இல்லம்மா" என்றார் மாமா. "அவ அதைச் சொல்லல."

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இந்த வீட்ல யாரும் என்கூட பேசறதில்லை. நான் என்ன தப்பு செஞ்சேன்னும் தெரியல. என்னைக் கூட்டிட்டுப் போயிடுன்னு சொல்றா. எனக்கு ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுதும்மா."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கட்டிலருகே போய்க் குனிந்து, அந்த பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். ஒரு இடத்தில் திக்கி, திரும்ப ஆரம்பித்து முடித்தார். தப்பில்லாமல்தான் பேசியிருக்க வேண்டும். அத்தையின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிய நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

மாமா கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என்ன மாமா கேக்கறாங்க?"

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீங்க எங்க ஊர்க்காரராட்டம் இருக்கீங்க, நல்ல மனுஷனா தெரியறீங்க, என்னை எங்க வீட்ல கொண்டுபோய் விட்டுடுங்கன்னு கேக்கறா. இந்த வீட்டுக்காரருக்கு என்னைப் பிடிக்கலைன்னு சொல்றா."