பெர்னதெத்தின் அரைத் தாள்

ஐந்தாவது வரியிலேயே பெர்னதெத்தின் விரல்கள் பஞ்ச் மெஷின்மேல் நின்றுவிட்டன. முனிராஜ் பென்சிலில் எழுதிக் கொடுத்திருந்த தாளை மறுபடி மேலிருந்து பார்த்தாள். எண்களில் ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. போன தடவை பாதி எண்களுக்குப் புள்ளி வைத்திருந்தவன், இப்போது ஒன்று விடாமல் அழித்திருந்தான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பயம் தெளிந்தவனின் எழுத்து. அந்தத் தெளிவைக் கொடுத்ததே அவள்தான்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1964இல் கம்ப்யூட்டர் வந்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. இன்ஜினியர்களுக்கெல்லாம் பதினைந்து நாள் வகுப்பு எடுத்து ஃபோர்ட்ரான் என்ற அதன் பாஷையைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் தாளில் எழுதுவதை அட்டைகளில் துளையாகப் போட்டுக் கொடுப்பது பெர்னதெத்தின் வேலை. அந்த மெஷினைப் போல ஆசாரம் பார்க்கிற ஜென்மத்தை அவள் கண்டதில்லை. முழு எண் ஓர் இனம், புள்ளி வைத்த எண் வேறு இனம். இரண்டையும் ஒரே வரியில் உட்கார வைத்தால் அட்டைக் கட்டு மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடும். அடுத்த முறை வர இரண்டு வாரம் ஆகும். எந்த வரி தள்ளுபடியாகும் என்று தாளைப் பார்த்த மாத்திரத்தில் அவள் சொல்லிவிடுவாள். அதற்காக யாரும் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிடவில்லை என்பது வேறு விஷயம்.

முனிராஜ் அல்சூர்க்காரன். அவன் வீட்டில் முதன்முதலாக இன்ஜினியரிங் படித்தவன். மூன்று முறை அவன் கட்டு திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஜன்னலில் அதை வாங்கும்போது பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அரைத் தாளில் எழுதிக் கொடுத்தாள்: ஒரு வரியில் ஒரே இனம் போடுங்கள். எல்லாம் புள்ளியோடு, இல்லையென்றால் எல்லாம் புள்ளி இல்லாமல்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். புள்ளி இல்லாத எண்களை வகுத்தால் மெஷின் முழுசை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். ஒன்றை இரண்டால் வகுத்தால் அதன் கணக்கில் பூஜ்யம். ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துவிடும். அதை அவள் எழுதவில்லை. ஏற்கெனவே மிரண்டு கிடக்கிறான், இது முதலில் மனசில் பதியட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாலத்தின் உத்திரம் பாரத்தில் எவ்வளவு தொய்யும் என்பது அவனுடைய கணக்கு. எல்லாமே அரை சென்டிமீட்டர், கால் சென்டிமீட்டர் சமாச்சாரம். இப்போது மெஷின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அத்தனை விடையும் பூஜ்யமாக வரும்.

அவனைக் கூப்பிட்டுச் சொல்லலாமென்றால், காலையிலேயே பத்ராவதிக்கு வேலையாகப் போய்விட்டான். திரும்பச் செவ்வாய் ஆகும். கட்டு மூன்று மணிக்குப் போயாக வேண்டும். செவ்வாய்க்கிழமை கமிட்டி முன்னால் விடையை வைக்காவிட்டால் அவன் வேலை நிரந்தரமாகாது. ஏழு அட்டைகளை மாற்றிப் போட்டால் போதும். ஆனால் அவளுக்குப் பிறகு யசோதா சரிபார்ப்பதற்காக அதே தாளைப் பார்த்து இன்னொரு மெஷினில் அடிப்பாள். ஓரெழுத்து மாறினாலும் சிவப்பு விளக்கு எரியும். போன வருஷம் யாருக்கோ பரிதாபப்பட்டு ஒரு கமா சேர்த்ததற்கு மெமோ வாங்கியிருந்தாள். முன்பு டைப் அடித்த காலத்தையும் சேர்த்தால் ஆறு வருஷமாக இன்னும் தற்காலிக வேலைதான். மில்லில் கையைப் பறிகொடுத்த அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் லிங்கராஜபுரத்து வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

தாளை எடுத்துக்கொண்டு செக்ஷன் அதிகாரி சந்தானத்திடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“எழுதினது அவரு, பொறுப்பும் அவரோடது. நீங்க இருக்கறத அப்படியே அடிங்க. இன்னொரு மெமோ வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் சார் அவர் இப்படி மாற்றினார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. ஆபரேட்டர் எதற்கு இன்ஜினியருக்கு எழுதிக் கொடுத்தாள் என்ற அடுத்த கேள்வியும் கூடவே வந்தது. சரி சார் என்று திரும்பிவிட்டாள்.

இருந்ததை அப்படியே அடித்தாள். யசோதாவின் மெஷினில் ஒருமுறைகூடச் சிவப்பு விளக்கு எரியவில்லை. இவ்வளவு சுத்தமான கட்டு இந்த மாசத்திலேயே இதுதான் என்றாள் யசோதா.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முனிராஜ் பஞ்ச் அறைக்கே வந்துவிட்டான். ஒரு கையில் மைசூர்பாகுப் பொட்டலம். தள்ளுபடியென்றால் ஒற்றைத் தாள்தான் வரும். அவன் கக்கத்தில் தலையணை கனத்துக்கு மடிப்புத் தாள் இருந்தது.

“அக்கா, மெஷின் ஏத்துக்கிச்சுக்கா. நீங்கதான் மொதல்ல பாக்கணும்னு பிரிக்காமயே கொண்டாந்துட்டேன். பதினோரு மணிக்குக் கமிட்டி.”

அவள் எழுந்து நின்றாள். சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுத் தாளை மேஜைமேல் பிரித்தான். முதல் மடிப்பில் வரிசையாகப் பூஜ்யம். இரண்டாவதிலும் அப்படியே. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

“பின்னாடி இருக்கும்க்கா” என்றான்.

மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே போனான். தாள் மேஜையைத் தாண்டித் தரையில் இறங்கி அவள் செருப்பின்மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. குனிந்து குனிந்து தேடியவனின் சட்டைப்பையிலிருந்து, நான்காக மடித்த அந்த அரைத் தாள் பாதி வெளியே வந்திருந்தது.