திருத்தத்துக்கான காரணம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தம்பி. தம்பி மனைவி. அவர்களுடைய ஒரே மகள். தம்பி மனைவியின் தம்பி, அதாவது அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். ஆறாவது ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. வீட்டின் முன்பக்கம் தம்பியின் மோட்டார் பட்டறை; மாடியில் என் அறை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் தொழில். அன்று விடுமுறை என்பதால் எதுவும் ஓடவில்லை. வார்னிஷ் வாசனை மட்டும் இருந்தது. யார் யார் இருந்தார்கள், எப்போது, எங்கே என்பதை முதலில் எழுதிவிடுவது எனக்குப் பழக்கம். முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதியவன் நான்.

மேசை மேல் பல்கலைக்கழக விண்ணப்பம் இருந்தது. நாட்டில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் பல்கலைக்கழகம். எங்கள் வம்சத்தில் அதன் வாசலைத் தாண்டியவர் கிடையாது. ஒரே ஒரு பட்டப் படிப்புக்குத்தான் விண்ணப்பிக்கலாம். கறுப்பு மையில் எழுத வேண்டும். வேறு ஒருவர் நிரப்பினால் அவரும் கையெழுத்திட வேண்டும். எங்கள் வீட்டில் எழுத்து வேலை என்றால் அது என்னிடம்தான் வரும். கல்யாணப் பத்திரிகை முதல் மின்சாரப் புகார் வரை நான்தான் எழுதுவேன். எழுதியதை வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

அவள் சட்டம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை நான் மறைத்ததில்லை. ஆயுள் முழுக்க வக்கீல்கள் சொல்லச் சொல்ல எழுதிய கை இது. எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி சொல்லட்டும், வேறு யாராவது எழுதட்டும் என்று நினைத்தேன். ஆனாலும் அவள் கேட்பதைத்தான் எழுதுவேன் என்று தம்பியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தாய்மாமன் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். நான் மாடியிலிருந்து இறங்கியபோது சமையலறை வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். இது புதிதல்ல. இரண்டு வருடமாகவே எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. உதட்டுக்குள்ளேயே பேசி உதட்டுக்குள்ளேயே சிரித்துக்கொள்கிறார்கள். நான் வந்து உட்கார்ந்தால் பேச்சு இன்னும் சன்னமாகிவிடும். மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு இந்தக் குசுகுசுப்பு எதற்கு?

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லும்மா, என்ன எழுதட்டும்?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு ஒரே ஒரு சொல் சொன்னாள். புவியியல். தாய்மாமன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஒரு வருஷமா யோசிச்சேன் பெரியப்பா."

"யாரோட யோசனை?"

"என்னோடதுதான்."

"பாப்பா தெளிவா இருக்கா பெரிய மச்சான்," என்றார் தாய்மாமன். "நடுவுல நாம பூந்து குழப்ப வேண்டாம்."

நாம என்றாரே, அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. பூந்து குழப்பியது யார் என்று எனக்கா தெரியாது? தம்பி விரல் நகத்தில் ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கேட்டதை எழுதினேன். பத்திரம் எழுதினால் சம்பந்தப்பட்டவர்களை உட்கார வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டாமல் நான் கையெழுத்து வாங்கியதில்லை. அன்று வாசிக்கவில்லை. கோபம்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி, "இங்க போடு," என்றேன். போட்டாள். நானும் போட்டேன். உறையை நானே ஒட்டினேன்.

அடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் தாய்மாமனைப் பார்த்தேன். விடுவேனா?

"என்ன மாப்பிள்ளை, உலக உருண்டைக்கு வாரிசு பிடிச்சாச்சு போல."

அவர் சிரித்தபடி ஏதோ சொன்னார். நாலு வண்டி போகிற ரோட்டில் அதுவும் உதட்டுக்குள்ளேதான் சொன்னார். ஜெயித்தவன் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் தெருமுனையில் என்னை நிறுத்தினார். "பெரியவரே, யூனிவர்சிட்டி கார்டு குடுத்துட்டு நாலு நாளாச்சு. ஸ்வீட்டே வரல," என்றார். எனக்கு அந்த அட்டையைப் பற்றித் தெரியாது. தெரியாது என்று அவரிடம் சொல்வேனா? "வரும், வரும்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அதன் பிறகுதான் வீட்டைக் கவனித்தேன். தம்பி மனைவி தட்டை வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே போய்விடுகிறாள். அந்தப் பெண் நான் இருக்கும் பக்கமே வருவதில்லை. தம்பி கம்பி சுற்றும்போது உலகமே இடிந்தாலும் எண்ணிக்கை தவறாதவன். அன்று நான் பட்டறைக்குள் நுழைந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எத்தனை சுற்று ஆனது என்று தெரியாமல் விழித்தான். சுற்றியதை எல்லாம் அவிழ்த்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரியவனை ஒதுக்கிவிட்டு ஏதோ ஏற்பாடு நடக்கிறது, அதற்குத் தாய்மாமன்தான் மூளை என்று முடிவு கட்டினேன். ஒரு வேளை அவளைத் தன் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்கப் போகிறாரோ என்னவோ. கல்லூரிக்குப் போகிற பெண் இன்னொரு வீட்டில் போய் இருந்தால், எங்கள் வீட்டில் இடமில்லை என்றுதானே நாலு பேர் சொல்வார்கள்?

மறுநாள் சாயங்காலம் தாய்மாமனே மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்தார். கையில் அந்த அட்டை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"பெரிய மச்சான், ஒண்ணு கேக்கணும். கோபப்படக் கூடாது."

"படற மாதிரி இருந்தா படுவேன்."

"உங்களுக்குச் சட்டம்தான் வேணும்னா சட்டம்னே எழுதியிருக்கலாம். புள்ள ரெண்டு நாள் அழுதுட்டு ஒத்துக்கிட்டிருக்கும். அன்னிக்கு உலக உருண்டைன்னு நீங்க கிண்டல் பண்ணப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். இது எதுக்கு?"

"எது?"

அட்டையை நீட்டினார். விண்ணப்பம் பெறப்பட்டது, கோரிய பாடம் புவியியல் என்று அச்சில் இருந்தது.

"அவ கேட்டதைத்தானே எழுதினேன். நீங்க சொல்லிக் குடுத்து அவ கேட்டதை."

"நானா?" அவர் முகம் மாறியது. "இருபது வருஷமா அந்தப் பாடத்தை நடத்திட்டுப் பொலம்பறவன் நான். அவளைப் போய் அதுல தள்ளுவேனா? அவ கேட்டது புவியியல் இல்லயே. புவியியல்."

"என்ன மாப்பிள்ளை, வெளயாடறீங்களா? அதையேதான் திருப்பிச் சொல்றீங்க."

அவர் ஒரு அடி கிட்டே வந்தார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல மறுபடியும் சொன்னார். எனக்கு அதே சொல்தான் விழுந்தது. அவர் என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து அட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்.

புள்ளியியல்.

எழுத்தைப் பார்த்தேன், அவர் உதட்டைப் பார்த்தேன். அவர் திடீரென்று வாசல் பக்கம் திரும்பினார். படியில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவளிடம் ஒரு நோட்டு இருப்பதை அன்றுதான் காட்டினார்கள். நாலு வருடமாகப் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு மோட்டாரும் எந்த மாதம், எந்த இடத்தில், எப்படி எரிந்தது என்று குறித்துவைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் தம்பி எந்தக் கம்பியை எப்போது வாங்குவது என்று முடிவு செய்கிறானாம். என் காலடியில், ஒரு மாடி கீழே நடந்த காரியம். எனக்குச் சொல்லவில்லையா, சொல்லியும் விழவில்லையா, தெரியாது.

"நான் வேணும்னே எழுதினேன்னு நெனச்சீங்களா?" என்றேன். தாய்மாமன் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். வேண்டுமென்றே ஒரு பிள்ளையின் தலையெழுத்தை மாற்றக்கூடியவன் என்று என் வீட்டாரே என்னைப் பற்றி நினைத்து, பயந்து, அட்டையை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன். அவர்கள் என்னை.

திருத்தம் கேட்க ஏழு நாள்தான் அவகாசம். இன்னும் ஒரு நாள் பாக்கி. மறுநாள் காலை அவளை அழைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். உயரமான கூடம், நீண்ட வரிசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒரு தாளை நீட்டினாள். பாதி புரிந்தது; மீதியை அந்தப் பெண் என் பக்கம் திரும்பி எடுத்துச் சொன்னாள்.

"விருப்பம் மாறிடுச்சுன்னா மத்தவங்க எல்லாம் முடிஞ்ச பிறகுதான் என் பேரைப் பாப்பாங்களாம் பெரியப்பா. புள்ளியியலுக்கு மொத்தமே நாப்பது இடம். எழுதினவங்க பிழைன்னா பழைய இடம் அப்படியே இருக்குமாம். ஆனா பிழை எப்படி வந்துச்சுன்னு எழுதி, எழுதினவங்க கையெழுத்துப் போடணும்."

தாளின் நடுவில் 'திருத்தத்துக்கான காரணம்' என்று தலைப்பிட்டு நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"விருப்பம் மாறிடுச்சுன்னே போட்டுடலாம்," என்றாள் அவள். "கடைசில பாத்தாலும் பரவால்ல. உங்க பேரு எதுக்கு?"

என் பேரைக் காப்பாற்ற அவள் தன் இடத்தைக் கொடுக்கப் பார்க்கிறாள். வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். வேறு ஒரு வாக்கியமும் மனதில் வந்தது. 'பட்டறையில் மோட்டார் ஓடிய இரைச்சலால்' என்று தொடங்குகிற நல்ல வாக்கியம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று மோட்டார் ஓடவில்லை. நடக்காததை நடந்ததாக எழுதி நான் கையெழுத்துப் போட்டதில்லை.

நாலு வரியையும் நிரப்பினேன். எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என் குரல் எவ்வளவு உயரம் என்பது எனக்கே தெரிவதில்லை போலும். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் தாளைப் படித்துவிட்டு எழுந்து நின்று, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "பெரியவரே, இங்க ஒரு கையெழுத்து," என்று கூடமே அதிரக் கத்தினாள்.

"மெதுவாவே சொல்லும்மா," என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியும்."

திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம், எனக்கு இடது கைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொன்னாள். பிறகு நிறுத்தி, எழுந்து, நடுவழியில் நின்றவர்களை விலக்கி, எனக்கு வலது பக்கம் வந்து நின்று அதை மறுபடி சொன்னாள்.

இடம் கிடைத்தவர்கள் பட்டியல் இன்னும் ஒட்டவில்லை. வரிசையில் நின்றவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு மனது ஒரு நிலையில் இல்லை, முதலில் ஒன்று கேட்டாள், பிறகு பயந்துபோய் வேறொன்றுக்கு மாறிவிட்டாள் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அது தவறு. அவள் மாறவில்லை. முதல் நாளே புள்ளியியல் என்றுதான் சொன்னாள். எனக்குக் காது கேட்கவில்லை.