காயாத பசை

1952. உலகமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த மொராக்கோக்காரனுக்கு அங்கே கொடியும் இல்லை, கூப்பிட நாதியும் இல்லை. அவனுக்கென்று இருந்தது நாட்டைச் சுற்றி வரும் இந்த சைக்கிள் பந்தயம் ஒன்றுதான். அதில் பிரெஞ்சுக்காரர்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு முதலில் வந்துகொண்டிருந்தான் பூஷைப். அவன் கெட்ட நேரம், டிஷ்கா கணவாயின் உச்சியில் முன் டயர் பஞ்சர்.

அணித் தலைவனின் சக்கரம் போனால், உடன் வருகிற அணிக்காரன் தன்னுடையதைக் கழற்றித் தர வேண்டும். கூட வந்தவன் ஜிலாலி. ஏற்றத்தில் ஆடு மாதிரி ஏறுவான். இறக்கம் என்றால் தொடைநடுங்கி.

"கழட்டுடா சீக்கிரம்."

ஜிலாலி தன் சக்கரத்தில் டயரை ஒட்டியதே இன்று காலையில்தான். பந்தய டயர் சக்கரத்தில் நிற்பதே பசையால்தான்; அது ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும், பாவி தூங்கிவிட்டான். பிரேக் பிடிக்கப் பிடிக்க சக்கர வளையம் சூடாகிப் பசை இளகும். ஏதாவது ஒரு வளைவில் டயர் உருவிக்கொண்டு போகும். வளைவுக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். தான் ஊர்ந்தாவது இறங்கிவிடலாம் என்றிருந்தான். பூஷைப் ஊர்கிற ஆளா? சொன்னால் அணியை விட்டே துரத்துவார்கள், காசாபிளாங்காவில் தலைகாட்ட முடியாது. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிட்டான்.

பூஷைப் சக்கரத்தை மாட்டித் திருகாணியை முறுக்கினான். ஜிலாலி அவன் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அது வேண்டாம். பசை காயல."

பூஷைப் சிரித்தான். "போன வருஷம் பிரேக் சரியில்லன்ன. முந்தாநாள் கண்ணுல தூசின்ன. இன்னிக்குப் பசையா? நீ பயந்தா நான் எறங்கக் கூடாதா?"

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு பொய் சொன்னவன் ஜிலாலி. இன்றைக்கு உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கீழே வளைவில் துரத்தி வருகிறவர்களின் தலைகள் தெரிந்தன. பூஷைப் சைக்கிள் மேல் காலைத் தூக்கிப் போட்டான்.

ஜிலாலி சக்கரத்தின் மேல் விழுந்து, இரண்டு கட்டைவிரலாலும் டயரைத் தள்ளினான். அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒருவன் சீட்டியடித்தான். பூஷைப் அடிக்கக் கையை ஓங்கினான். ஜிலாலி கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடி விழவில்லை.

"இதுலயாடா நீ எறங்கறதா இருந்த?"

"மெதுவா... பிரேக்க புடிச்சிக்கிட்டே."

"காலையிலயே சொல்லித் தொலைச்சிருந்தா வேற சக்கரம் வாங்கியிருப்பேனே."

"அடிப்பீங்கன்னு பயம்ணே."

"அடிச்சிருப்பேன்தான்," என்றான் பூஷைப். ஜிலாலி கையிலிருந்த டயரைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான். இறக்கத்துக்குப் பயந்தே அறியாதவன் ஜிலாலியின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தான். பந்தயத்தின் பின்னால் வரும் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்வரை அந்தப் பிடியை அவன் விடவில்லை.