மனுவில் மட்டும் வளைகிறவர்

“பிச்சைக்காரர் கேட்டா ஒரு வார்த்தை, நீங்க கேட்டா வேற வார்த்தையாங்கய்யா?”

கூலிக்கு மிளகாய் பறிக்கும் வேல்சாமியின் மகள் சிநேகா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது முத்துராமலிங்கத்திடம் இப்படிக் கேட்டாள். அவர் கண்மாய் மடையைப் பற்றித் திருவாடானைத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். இங்கிலீசில் ‘பெக்’ என்றால் பிச்சை கேட்பது, ‘பிசீச்’ என்றால் பெரிய மனிதர்கள் மன்றாடுவது என்று, தன் வயலில் மிளகாய் பறித்தவர்களுக்கு அப்போதுதான் விளக்கியிருந்தார்.

“ஏலே வேல்சாமி, ஒம் மக வாய அடக்கு. ராசாவுக்கு எழுதுன பழைய இங்கிலீசு இது. ஒங்களுக்குப் ‘பெக்’கே சாஸ்தி.”

வேல்சாமியின் மனைவி ஜெயசுதா முந்தானைக்குள் சிரித்தாள். “அய்யா கலெக்டரத்தான் பிசீச்சுவாக. நம்மள ஏசுவாக.”

ரோடோ தெருவிளக்கோ, எதைக் கேட்டு எழுதினாலும் முதல் வரியில் ‘ஐ பிசீச்’ என்று குனிவார். கையெழுத்துப் போட்டதும் நிமிர்ந்துவிடுவார். மடை இன்றும் உடைந்தேதான் கிடக்கிறது. அந்த வார்த்தை எழுதுவதற்கு உரியது, செய்வதற்கு அல்ல என்பது அவர் கட்சி. சாமி முன்னால்கூட அர்ச்சனைத் தட்டை நீட்டிவிட்டு விறைத்து நிற்பார். சாமியும் பொறுத்துக்கொண்டது, அது பார்க்காத மனுவா!

இந்தப் பங்குனியில் அவர் மனைவி கனகலட்சுமிக்கு இராமநாதபுரத்தில் வயிற்றில் ஆபரேஷன். ஊரில் களம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வருசத்துப் பாடு அது. நனைந்தால் வெளுத்துவிடும்; வியாபாரி தொடமாட்டான். ஆஸ்பத்திரி ஜன்னலில் வானம் கறுத்ததைப் பார்த்தவர், வேல்சாமிக்குப் போன் போட்டார்.

“ஆத்தா எப்படி இருக்காகங்கய்யா?”

“தேவல.”

“இங்கன இருட்டிக்கிட்டு வருதுங்கய்யா.”

“ம். களத்துல…”

‘மூடிவிடுப்பா’ என்ற ஒரே சொல்தான் மிச்சம். முப்பது வருசம் மனு எழுதிய மனிதருக்கு அது வரவில்லை. தொண்டையைச் செருமினார். போனை வைத்துவிட்டார். கௌரவம் காப்பாற்றப்பட்டது, மிளகாய் போனால் போகட்டும்!

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கிக் களத்துக்கு ஓடினார். மிளகாய் குவிந்திருந்தது. மேலே தார்ப்பாய்; சுற்றிலும் கல். அவருடைய தார்ப்பாய் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. இது ஒட்டுப்போட்ட பழைய தார்ப்பாய்.

கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் ஜெயசுதாவின் குரல் கேட்டது. “கேக்காத ஆளுக்கு நம்ம தார்ப்பாயக் கொண்டு போயிப் போட்டீகளே! கண்மாய்க்கரையில காஞ்ச நம்ம மொளகா மழையில ஊறிப் போச்சு. புத்தி இருக்கா ஒங்களுக்கு?”

“அந்தம்மா ஆஸ்பத்திரியில கெடக்கு, இவரு அங்கன தனியா நிக்கிறாரு. போன்ல கொரலே வரல புள்ள. அதுக்கு மேல என்னத்தக் கேக்கணுங்கிற?”

முத்துராமலிங்கம் அங்கே போகவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தில் அவர் இன்னும் அரிச்சுவடிதான்.

உச்சி வெயிலில் ஊர் சாப்பாட்டுக்குப் போயிருந்தது. தன் குவியலில் கறுஞ்சிவப்பாகக் காய்ந்ததை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்கு நடந்தார். அங்கே வேல்சாமி விரித்திருந்த ஊறிய மிளகாயை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதைக் கொட்டினார். ஊறியதைக் காலிப் பெட்டியில் அள்ளித் தன் களத்துக்குக் கொண்டுபோனார். திரும்பத் திரும்ப நடந்தார். கை எரிந்தது, கண்ணில் பட்டுக் கண்ணும் எரிந்தது. கடைசிப் பெட்டியைக் கொட்டிப் பரப்பும்போது தூரத்தில் ஆள் பேச்சுக் கேட்டது. வெறும் பெட்டியை இடுக்கிக்கொண்டு வரப்பில் இறங்கி வேகமாகப் போய்விட்டார்.