பேட்ச் பேனலுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு வைத்ததை எடுக்கும் விஜயதசமி அன்று காலையிலேயே பாறசாலைப் பக்கத்து வீடுகளில் இன்டர்நெட் செத்துக் கிடந்தது. போன் எடுத்து எடுத்து மோகனனுக்கு வெறி பிடித்துவிட்டது. அவருடைய கேபிள் ஆபீசில் லைன் வேலை பார்க்கும் ஆதிரா செங்கல் என்ற ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்குவதற்குள், வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியும் விட்டார்: ஆதிராவின் கைப்பிழை, மன்னிக்கவும்.

வாசலில் நின்று அதைப் படித்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொம்பிளைக்கு எதற்குக் கேபிள் வேலை என்று சிரித்த அத்தனை பேரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள்.

"நேத்து கடைசியா பேனல தொட்டது நீயாக்கும்," என்றார் மோகனன்.

அவள் நேரே உள்ளறைக்குப் போனாள். வீட்டுக்கு ஒன்றாக வரும் கண்ணாடி இழைகள் அங்கே பேட்ச் பேனலின் துளைகளில் வந்து முடிகின்றன. முன்பக்கத்துச் சின்ன வயர்கள் அவற்றை மெஷினோடு சேர்க்கின்றன. ஒரு வயரை உருவினாள். வெளிச்சம் போக வேண்டிய முனையில் காய்ந்த சந்தனம். அடுத்ததை உருவினாள். அதிலும் சந்தனம்.

"இது ஆராக்கும் தொட்டது?"

"நான்தான். பூஜைக்கு ஓரோ வயரா உருவி எல்லா வீட்டுக்கும் ஓரோ பொட்டு. பெட்டிக்க மேல மட்டும் தொட்டா போருமா?"

"விரலு பட்டாலே வெளிச்சம் போவாது அண்ணே. சந்தனத்த அப்பி வச்சிட்டு, பழி எனக்கா?"

"செரி, கழிஞ்சத விடு மக்கா. சீக்கிரம் துடை."

கழிஞ்சதாம். ஊரெல்லாம் அவள் பெயர் நாறுகிறது, இவருக்கு அது கழிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முனையையும் துளையையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் துடைத்து வயர்களைச் செருகினாள். மதியத்துக்குள் போன்கள் ஓய்ந்தன.

பிறகு ஒரு போன் வந்தது. மோகனனின் மனைவி விஜயம்மா. எல்லா வீட்டிலும் நெட் வந்துவிட்டது, இங்கே மட்டும் இல்லை. துபாயிலிருந்து பேரன் வீடியோவில் வரும் நேரமாம்.

மோகனன் உள்ளறைக்கு ஓடினார். ஒரே ஒரு வயர் உருவிவிட்ட நிலையில் தொங்கியது. அதன் துளையில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

"எனக்க வீட்ட மறந்திட்டியா?"

"மறக்கேல்ல. குரூப்பில எனக்க பேர எழுதினது அண்ணனாக்கும். அதே குரூப்பில, பொட்டு வச்சது நான்தான்னு எழுதுங்க. பிறவு துடைக்கேன்."

மோகனனின் கையில் போன் மறுபடி அடித்தது, விஜயம்மாதான். ஆதிரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.